ஈனியாஸ் பக்திமானா? ஒரு லத்தீன் சொல்லின் பொருள்

ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட் காவியத்தில், முதல் காண்டத்திலேயே வரும் ஒரு இடம். டிராய் நகரம் அழிந்தபின் இத்தாலியில் புது நகரம் நிறுவக் கிளம்பி, புயலில் கப்பல்கள் சிதறி ஆப்பிரிக்கக் கரையில் ஒதுங்கிய ஈனியாஸ், இது என்ன ஊர் என்று பார்க்கக் காட்டு வழியே நடந்து போகிறான். எதிரே வேட்டைக்காரப் பெண் ஒருத்தி வருகிறாள். அவள் அவனைப் பெற்ற தாய், வீனஸ் தேவிதான். மாறுவேடத்தில் வந்திருப்பதால் அவனுக்குத் தெரியவில்லை. நீங்களெல்லாம் யார் என்று அவள் கேட்க, அவன் சொல்கிறான்: "சும் பியுஸ் ஐனேயாஸ்." நான் பியுஸ் ஆன ஈனியாஸ்; பகைவர் கையிலிருந்து மீட்ட வீட்டுத் தெய்வங்களை என் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு போகிறேன்; என் புகழ் வானத்துக்கு மேலும் எட்டியிருக்கிறது.

இந்த 'பியுஸ்' என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஆங்கில வழியாக லத்தீன் படிக்கிறவர்களுக்கு முதலில் கைக்கு வருவது 'பக்தி'. "நான் பக்திமான் ஈனியாஸ்" என்று எழுதிப் பாருங்கள். தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் ஒரு மனிதன்தான் கண்முன் நிற்கிறான். அவ்வளவு பெரிய காவியத்தின் நாயகன் வாயைத் திறந்ததும் இப்படியா பேசுவான்? கி.பி. 400-ஐ ஒட்டி ஈனியட்டுக்கு வரிக்கு வரி உரை எழுதிய செர்வியுஸ் இந்த இடத்தில் நின்று பதில் சொல்கிறார்: தெரிந்தவர்களிடம் தன்னைப் பற்றிச் சொன்னால் அது செருக்கு, தெரியாதவர்களிடம் சொன்னால் அது அறிமுகம். நல்ல பதில். ஹோமரின் ஒடிஸியூஸ்கூட ஒடிஸியின் ஒன்பதாம் காண்டத்தில், என் தந்திரங்களுக்காக எல்லோரும் என்னை அறிவார்கள், என் புகழ் வானம் எட்டும் என்றுதான் தன் கதையைத் தொடங்குகிறான். வெர்ஜில் அந்த வரியை அப்படியே எடுத்து, தந்திரம் இருந்த இடத்தில் பியுஸை வைத்திருக்கிறார். அக்கிலீஸுக்குக் கால் வேகம், ஒடிஸியூஸுக்குச் சூழ்ச்சி, ஈனியாஸுக்கு இந்த ஒரு சொல். ஆகவே அதன் பொருள் பிசகினால் காவியமே நமக்குப் பிசகிப் போகும். பியுஸ் என்றால் கடன்பட்டவன், பட்ட கடனைத் தீர்க்கிறவன் என்பதே என் துணிபு. அந்தக் கடன்கள் ஒன்றோடொன்று மோதும்போது என்ன ஆகிறது என்பதுதான் ஈனியட்டின் கதை.

ரோமானியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ இளம் வயதில் எழுதிய பேச்சுக்கலை நூலில், பியுஸின் பண்புப்பெயரான 'பியெத்தாஸ்' என்பதற்கு விளக்கம் தருகிறார்: தாய்நாட்டுக்கும் பெற்றோருக்கும் இரத்த உறவினருக்கும் செய்ய வேண்டியதை வழுவாமல் செய்யச் சொல்வது. கவனியுங்கள், இந்தப் பட்டியலில் தெய்வமே இல்லை. பல ஆண்டுகள் கழித்து, தெய்வங்களின் இயல்பு பற்றிய உரையாடல் நூலில், ஒரு பாத்திரத்தின் வாயிலாக, பியெத்தாஸ் என்பது தெய்வங்களுக்கு நாம் செய்யும் நியாயம் என்கிறார். அங்கேகூட அவர் எடுக்கும் சொல் நியாயம்தான். உருகுதல், சரணடைதல் என்பதெல்லாம் அங்கே கிடையாது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவதுதான் பேச்சு.

அப்புறம், இந்தக் கடன் கீழிருந்து மேலே மட்டும் போவதில்லை. டிராய் நகரம் எரியும் இரவில், அந்நகரின் கிழ அரசன் பிரையமின் கண்முன்னே அவன் மகனைக் கிரேக்க வீரன் பிர்ருஸ் கொல்கிறான். அப்போது பிரையம் சொல்லும் சாபம் இப்படித் தொடங்குகிறது: "வானத்தில் பியெத்தாஸ் என்று ஒன்று இருந்து, அது இப்படிப்பட்டதைக் கவனிக்குமானால்..." வானத்தில் இருப்பவர்களின் பியெத்தாஸ்! தேவர்களுக்கு யார் மேல் பக்தி இருக்க முடியும்? பக்தி என்று மொழிபெயர்த்தால் இந்த வரிக்கு அர்த்தமே கிடையாது. மனிதன் படையலும் வழிபாடும் தந்துவிட்டான், பதிலுக்கு நீங்கள் தர வேண்டியது எங்கே என்று பிரையம் கேட்கிறான்.

தகப்பனுக்கும் இதே கணக்குதான். ரோமானியச் சட்டத் தொகுப்பில் ஒரு வழக்கு பதிவாகியிருக்கிறது. தன் இரண்டாம் மனைவியோடு உறவு வைத்திருந்த மகனை ஒரு தகப்பன் வேட்டைக்குப் போன இடத்தில் கொன்றுவிட்டான். பேரரசர் ஹேட்ரியன் அவனைத் தீவு ஒன்றுக்கு நாடு கடத்தினார். தகப்பனுக்கு மகன் மேல் உயிர்வாங்கும் அதிகாரமே இருந்த சமூகம் அது. ஆனாலும் இந்தத் தீர்ப்பைக் குறித்து வைத்த சட்ட அறிஞர் மார்சியன், தகப்பனுடைய அதிகாரம் பியெத்தாஸில் நிற்க வேண்டும், கொடுமையில் நிற்கக் கூடாது என்று எழுதுகிறார். மகனுக்குத் தகப்பன் செலுத்த வேண்டிய கடனுக்கும் அதே சொல்.

இதை மனதில் வைத்துக்கொண்டு தமிழில் தேடினால், பக்தியைவிடப் பக்கத்தில் இருப்பது 'கடன்' என்ற பழைய சொல். "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்று புறநானூற்றில் பொன்முடியார் பாடும் கடன். அந்தப் பாட்டில் தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒன்று, வேல் வடிக்கும் கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று, களத்துக்குப் போகும் மகனுக்கு ஒன்று. யார் எந்த இடத்தில் நிற்கிறார்களோ அந்த இடமே கடனைத் தந்துவிடுகிறது. ஒரு குறை உண்டு. தமிழ்க் கடனில் செய்ய வேண்டியது இருக்கிறது, மனசு அவ்வளவாக இல்லை. பியெத்தாஸில் அன்பும் சேர்ந்தே இருக்கிறது. கடனும் பாசமும் ஒரே சொல்லில் கலந்திருப்பதால்தான் வெர்ஜிலால் அதை வைத்து இவ்வளவு செய்ய முடிந்தது.

வெர்ஜில் கைக்கு வருவதற்கு முன்பே அந்தச் சொல் தெருவிலும் மேடையிலும் நாணயத்திலும் நிறையப் புழங்கிவிட்டது. கி.மு. 191-இல் நகைச்சுவை நாடக ஆசிரியர் பிளாட்டஸின் 'சூடோலஸ்' நாடகம் ரோமில் அரங்கேறியது. அதில் காதலியை மீட்கப் பணமில்லாத இளைஞன் ஒருவன், தகப்பனிடம் திருடலாம்தான், ஆனால் பியெத்தாஸ் தடுக்கிறது என்கிறான். அந்தப் பெண்ணை விற்கப் பார்க்கும் தரகன் உடனே, அப்படியானால் ராத்திரி அவளுக்குப் பதிலாக அந்தப் பியெத்தாஸையே கட்டிக்கொண்டு படு என்கிறான். அதே ஆண்டில்தான் கிரேக்கத்தில் தெர்மோபைலே போரில் நின்ற தளபதி கிளாப்ரியோ, பியெத்தாஸ் என்ற தெய்வத்துக்குக் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். பத்து ஆண்டு கழித்து, கி.மு. 181-இல், அவர் மகன் அதைக் குடமுழுக்குச் செய்து அப்பாவின் நேர்த்திக்கடனைத் தீர்த்தார். பியெத்தாஸ் தெய்வத்துக்கு இதைவிடப் பொருத்தமான திறப்பு விழா இருக்க முடியாது.

அடுத்த நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்களில் அது கட்சிக்கொடி ஆகிவிட்டது. நாடு கடத்தப்பட்ட தன் தகப்பனைத் திரும்ப வரவழைக்க ஊரெல்லாம் கெஞ்சி அலைந்த மெட்டெல்லஸுக்குப் 'பியுஸ்' என்று பட்டப்பெயரே நிலைத்தது. கி.மு. 45-இல் முண்டா போர்க்களத்தில் சீசரின் படைக்கு அடையாளச் சொல் 'வீனஸ்'. எதிரே நின்ற, சீசரிடம் தோற்று உயிரிழந்த பாம்பியின் மகனுடைய படைக்கு 'பியெத்தாஸ்', அதாவது எங்கள் அப்பாவுக்காக. பாம்பியின் இளைய மகன் செக்ஸ்டஸ் பிறகு தன் பெயரிலேயே பியுஸைச் சேர்த்துக்கொண்டு நாணயம் அடித்தான். சிசிலியின் கடானா நகரத்தில் எரிமலை பொங்கியபோது பெற்றோரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய இரண்டு சகோதரர்களின் கதை ரோமில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அந்த நாணயத்தில் இருக்கிறார்கள்.

சீசரோ இதற்கு முன்பே இந்தப் போட்டியில் இறங்கிவிட்டார். கி.மு. 47-46 வாக்கில் அவர் ஆப்பிரிக்காவில் அடித்த வெள்ளி தெனாரியஸ் இன்றும் பல அருங்காட்சியகங்களில் இருக்கிறது. முன்புறம் வீனஸின் தலை. பின்புறம் ஈனியாஸ், உடம்பில் துணியில்லாமல், வேகமாக எட்டு வைத்து நடக்கிறான். இடது தோளில் கிழத் தகப்பன் அன்கைசிஸ். நீட்டிய வலது கையில் டிராய் நகரத்தைக் காத்த பல்லாஸ் அதீனா தேவியின் சிறு சிலை. ஓரத்தில் 'சீசர்' என்று எழுத்து. தாய் வீனஸ் வழியாக ஈனியாஸ் பரம்பரையில் வந்தவன் நான் என்பது சீசரின் உரிமைக் கோரிக்கை. அவர்கள் ஒரு தகப்பனைக் காட்டினால் இவர் அதைவிடப் பழைய தகப்பனைக் காட்டுகிறார். இந்த நாணயத்தில் ஈனியாஸின் மகன் இல்லை, மனைவியும் இல்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சீசர் கொல்லப்பட்ட பிறகு அவருடைய தளபதி ஆண்டனி எழுதிய ஒரு கடிதத்தை, கி.மு. 43-இல் சிசரோ செனட்டில் வரிவரியாகப் படித்துக் கிழிக்கிறார். அதில் ஆண்டனி 'பியிஸ்ஸிமுஸ்', அதாவது 'மிகமிகப் பியுஸ் ஆனவர்' என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு சொல்லே லத்தீனில் கிடையாது, உன் தெய்வீகப் பியெத்தாஸுக்காக நீ புதிதாகச் செய்திருக்கிறாய் என்கிறார் சிசரோ. இலக்கணத்தோடு அதில் அரசியலும் இருக்கிறது. கடனில் மிகக் கடன், மிகமிகக் கடன் என்று உண்டா? கட்டினாயா இல்லையா என்பதுதானே கேள்வி. ஆனால் மொழி சிசரோவைக் கேட்கவில்லை. அடுத்தடுத்த நூற்றாண்டுகளின் கல்லறைக் கல்வெட்டுகளில் மனைவிக்கு, மகனுக்கு, அம்மாவுக்கு என்று பியிஸ்ஸிமுஸ் கொட்டிக் கிடக்கிறது.

கடைசியில் வென்றவர் சீசரின் தத்துப்பிள்ளை. கி.மு. 27-இல் செனட் அவருக்கு அகஸ்டஸ் என்ற பெயரையும், செனட் மண்டபத்தில் மாட்ட ஒரு தங்கக் கேடயத்தையும் தந்தது. வீரம், கருணை, நீதி, பியெத்தாஸ் என்று நான்கு குணங்கள் அதில் பொறிக்கப்பட்டன. அந்தக் கேடயத்தின் பளிங்குப் படி ஒன்று பிரான்சின் ஆர்ல் நகரத்தில் கிடைத்திருக்கிறது. அதில் கடைசிக் குணத்துக்கு மட்டும் விளக்கம் சேர்த்திருக்கிறார்கள்: "தெய்வங்களுக்கும் தாய்நாட்டுக்கும் உரிய பியெத்தாஸ்." தத்துத் தகப்பன் சீசரைக் கொன்றவர்களைப் பழிவாங்கிய கதை அதற்குள் பின்னுக்குப் போய்விட்டது. சொல் ஒன்றுதான். யாருக்கான கடன் என்பதை அடைப்புக்குள் மாற்றி எழுதிக்கொண்டே போகிறார்கள். இந்தக் கேடயம் மாட்டப்பட்ட சமயத்தில் வெர்ஜில் ஈனியட் எழுதிக்கொண்டிருந்தார்.

வேறொரு தடமும் இருந்தது. வெர்ஜிலுக்கு முந்திய கவிஞர் கட்டுல்லஸ் தன் 76-ஆம் கவிதையில், காதலில் ஏமாந்து நோயாளி போல் கிடந்து, நான் பியுஸாக இருந்திருக்கிறேன் என்கிறார். யாருக்கும் தந்த வாக்கை மீறவில்லை, தெய்வத்தின் பெயரால் யாரையும் ஏமாற்றவில்லை. ஆகவே "தேவர்களே, என் பியெத்தாஸுக்குப் பதிலாக எனக்கு இதைத் தாருங்கள்" என்று முடிக்கிறார். அவர் கேட்பது அந்தக் காதல் தன்னை விட்டுப் போக வேண்டும் என்பதை. அப்பாவுக்கும் நாட்டுக்கும் உரிய சொல்லை ஒரு பெண்ணோடு கொண்ட உறவுக்கு அவர் இழுத்து வந்தது துணிச்சல். வெர்ஜில் இதை நன்றாகப் படித்தவர்.

இப்போது காவியத்துக்குள் போகலாம். இரண்டாம் காண்டத்தில், எரியும் நகரத்திலிருந்து ஈனியாஸ் குடும்பத்தோடு புறப்படுகிறான். தோளில் சிங்கத்தோலை விரித்து அப்பாவை ஏற்றிக்கொள்கிறான். வீட்டுத் தெய்வங்களை அப்பாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறான். இப்போதுதான் போரிலிருந்து வந்தேன், கையில் இரத்தம், ஓடும் ஆற்றில் கழுவும் வரை நான் அவற்றைத் தொட்டால் அது 'நெஃபாஸ்' என்கிறான். செய்யக்கூடாதது, பெரும் பாவம் என்று பொருள். சீசர் நாணயத்தில் சிலை மகன் கையில் இருந்தது. வெர்ஜில் அதை அப்பா கைக்கு மாற்றிவிட்டார், ஏனென்றால் மகனின் கையில் இரத்தம் இருக்கிறது. காலியான வலது கையைக் குழந்தை அஸ்கானியஸ் பிடித்துக்கொள்கிறான். அப்பாவின் நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைக்கிறான். மேலே அப்பா, அப்பா கையில் தெய்வம், பக்கத்தில் பிள்ளை. பியெத்தாஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு காட்சி போதும்.

மனைவி கிரெயூசா? "பின்னால் வருகிறாள்." அவ்வளவுதான். ஊருக்கு வெளியே பழைய கோயிலருகே எல்லோரும் கூடியபோது அவள் மட்டும் இல்லை. அங்கே வந்து சேரும் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை, அவளை நினைக்கவுமில்லை என்று ஈனியாஸே ஒப்புக்கொள்கிறான். பிறகு பைத்தியம் பிடித்தவன் போல் எரியும் தெருக்களில் அவள் பெயரைக் கத்திக்கொண்டு ஓடுகிறான். எதிரே வருவது அவள் ஆவி. வெர்ஜில் இதைத் தற்செயலாக எழுதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். இரண்டு தோளும் இரண்டு கையும் நிறைந்துவிட்டன. எல்லாக் கடனையும் ஒரே சமயத்தில் சுமக்க ஒரு உடம்பு போதாது.

இதே கணக்கு நான்காம் காண்டத்தில் திரும்ப வருகிறது, இந்த முறை இன்னும் கொடுமையாக. கார்த்தேஜ் அரசி டைடோ, கரை ஒதுங்கியவர்களுக்கு அடைக்கலம் தந்தவள். பியுஸ் ஆனவர்களைத் தேவர்கள் கவனிப்பது உண்மையென்றால் உனக்கு நல்லது செய்வார்கள் என்று முதல் காண்டத்தில் அவளிடம் சொன்னவன் ஈனியாஸ்தான். இருவரும் காதலிக்கிறார்கள். தேவர்களின் தலைவன் ஜூபிடரின் கட்டளையோடு தூதன் மெர்க்குரி வந்து, இத்தாலிக்குக் கிளம்பு என்கிறான். டைடோ கெஞ்சுகிறாள், சபிக்கிறாள், மயங்கி விழுகிறாள். உடனே அடுத்த வரி: "அத் பியுஸ் ஐனேயாஸ்", "ஆனால் பியுஸ் ஆன ஈனியாஸ்". அவளை ஆற்றத் துடிக்கிறான், பெருமூச்சு விடுகிறான், அன்பால் நெஞ்சே ஆடிப்போகிறது. இருந்தும் தேவர்கள் சொன்னதைச் செய்யக் கப்பல்களுக்குத் திரும்புகிறான். இந்தக் காண்டத்தில் முந்நூற்றுத் தொண்ணூறு வரிக்கு மேல் அந்த அடைமொழியைக் கவிஞர் அவனுக்குத் தரவேயில்லை. கைவிட்டுப் போகும் நொடியில் தருகிறார்.

பலருக்கு இந்த வரி மேல் ஆத்திரம் வரும். எனக்கும் அங்கே வலிக்கிறது. ஆனால் பக்திமான் என்று படித்தால் வருவது வெறும் எரிச்சல். கடன் என்று படித்தால் அங்கே இருப்பது துயரம். டைடோவுக்கும் அவன் கடன்பட்டவன்தான். அந்தக் கடன் தீராமல் நிற்கும்போது, பெரிய கடனைக் கட்டப் போகிறான். டைடோவும் இதே கணக்கில்தான் பேசுகிறாள். தெய்வங்களைச் சுமந்து வந்தவனாம், வயதான அப்பாவைத் தோளில் தூக்கியவனாம் என்று மனம் நொந்து, "பாவி டைடோ, இம்பியுஸ் ஆன செயல்கள் இப்போதுதான் உனக்கு உறைக்கிறதா?" என்று தன்னையே கேட்கிறாள். 'இம்பியுஸ்' பியுஸுக்கு எதிர்ச்சொல். யாருடைய செயல்கள்? அவளைக் கைவிட்டவனுடையதா, இறந்த கணவனுக்குத் தந்த வாக்கை மீறிய அவளுடையதா? லத்தீன் வாக்கியம் இரண்டுக்கும் இடம் தருகிறது. உரைகாரர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள்.

பத்தாம் காண்டம் போர்க்களம். ஈனியாஸின் பாதுகாப்பில் விடப்பட்ட இளைஞன் பல்லாஸை, இத்தாலியில் ஈனியாஸை எதிர்க்கும் தலைவன் டர்னஸ் கொன்றுவிடுகிறான். அதற்குப் பிறகு ஈனியாஸ் வேறு ஆளாக மாறுகிறான். உன் தகப்பன் ஆவியின் பேரால், உன் மகன் பேரால் விட்டுவிடு என்று காலைப் பிடித்தவனையும் வெட்டுகிறான். எட்டு இளைஞர்களை உயிரோடு பிடித்துப் பல்லாஸின் சிதையில் பலியிட அனுப்புகிறான். இந்த வெறியின் நடுவில் லௌசஸ் என்ற சிறுவன் வருகிறான். அவன் தகப்பன் மெசென்டியஸ் தேவர்களை மதிக்காத கொடுங்கோலன். அந்தத் தகப்பன் அடிபட்டதும் மகன் குறுக்கே பாய்ந்து காக்கிறான். "உன் பியெத்தாஸ் உன்னை ஏமாற்றுகிறது" என்று கத்திக்கொண்டே ஈனியாஸ் அவனைக் குத்துகிறான். அம்மா தங்க இழையில் நெய்து கொடுத்த மெல்லிய சட்டையைத் துளைத்துக்கொண்டு வாள் போகிறது.

சாகும் அந்த முகத்தைப் பார்த்ததும் ஈனியாஸ் உடைந்துபோகிறான். இங்கே கவிஞர் அவனைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை, 'அன்கைசிஸின் மகன்' என்கிறார். அப்பாவுக்கான தன் பியெத்தாஸின் உருவமே அவன் மனதில் எழுந்தது என்கிறார். அவன் கொன்றது தன்னையே போன்ற ஒருவனை. "பியுஸ் ஆன ஈனியாஸ் உனக்கு இப்போது என்ன தர முடியும்?" என்று கேட்டு, ஆயுதங்களைக் கழற்றாமல், உடலைத் தானே தூக்கிக் கொடுக்கிறான். முதல் காண்டத்தில் பெருமிதத்தோடு சொன்ன அதே சொல்லை இங்கே எவ்வளவு கசப்போடு சொல்கிறான்! ஈனியட்டில் ஒரே ஒரு பக்கம்தான் படிக்க நேரம் என்றால் நான் இதைத்தான் படிக்கச் சொல்வேன்.

வெர்ஜில் கி.மு. 19-இல் காவியத்தை முழுசாகத் திருத்தி முடிக்காமலே இறந்துபோனார். அடுத்த தலைமுறைக் கவிஞர் ஓவிட் அவர் கண்ட முரணை எடுத்து ஒரே தொடருக்குள் திணித்தார். தன் சகோதரர்களைக் கொன்ற மகனைத் தானே கொல்லும் அல்தையாவைப் பற்றி, "இம்பியெத்தாஸால் அவள் பியுஸ் ஆனாள்" என்கிறார். சகோதரர்களுக்கான கடனை மகன் உயிரால் கட்டுகிறாள். தொலைந்த மகளைத் தேடு, கிடைக்காவிட்டால் திரும்பி வராதே என்று மகனை விரட்டும் அகெனோரைப் பற்றியும், ஒரே செயலால் பியுஸும் பாவியும் ஆனான் என்கிறார். சாமர்த்தியமான தொடர்கள்தான். ஆனால் வெர்ஜிலிடம் அந்த மோதல் பக்கக் கணக்கில் நீண்டு நம்மை வதைக்கிறது.

அதற்கப்புறம் சொல்லின் கதை வேகமாகப் போகிறது. விசுவாசமாக நின்ற படைப்பிரிவுகளுக்குப் பேரரசர்கள் 'பியா ஃபிதேலிஸ்' என்று பட்டம் தந்தார்கள். ஹேட்ரியனுக்கு அடுத்து வந்த அன்டோனினஸ், தன்னைத் தத்தெடுத்தவரைத் தெய்வமாக அறிவிக்கச் செனட்டோடு மல்லுக்கட்டியதால் பியுஸ் ஆனார் என்பது அவர் பட்டத்துக்குப் பழங்காலத்தவர் சொல்லும் காரணங்களில் ஒன்று. கிறிஸ்தவம் பரவியதும் பொருள் இரண்டு பக்கம் நகர்ந்தது. ஒன்று கடவுள் பக்தி. மற்றது இரக்கம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவ ஆயர் அகஸ்டீன், சாதாரண மக்கள் இரக்கச் செயல்களுக்கும் பியெத்தாஸ் என்கிறார்கள் என்று குறித்து வைக்கிறார். இறந்த மகனை மடியில் ஏந்திய மரியாளின் சிற்பத்தை இத்தாலியர்கள் 'பியெத்தா' என்று அழைப்பது இந்த இரண்டாம் பொருளில்தான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் பயஸ் என்ற பெயர்கொண்ட திருத்தந்தையரைப் பத்திநாதர் என்றார்கள். அது முதல் பொருள். பயஸ் என்பது பியுஸேதான்.

பொருள் இப்படி நகர்ந்ததைத் தெரிந்துகொண்டால்தான் ஈனியட்டின் முடிவு பற்றிய சண்டை புரியும். கடைசிக் காட்சியில் டர்னஸ் தொடையில் ஈட்டி பாய்ந்து மண்டியிட்டுக் கிடக்கிறான். உனக்கும் அன்கைசிஸ் என்று ஒரு அப்பா இருந்தாரே, என் கிழத் தகப்பன் மேல் இரங்கு என்று கேட்கிறான். பாதாள உலகத்தில் அன்கைசிஸ் சொன்னதும் அதுதான்: அடங்கியவரை விட்டுவிடு, செருக்குற்றவரைப் போரில் அடக்கு. ஈனியாஸின் கை தயங்குகிறது. அந்த நேரம் டர்னஸின் தோளில் கிடக்கும் வார்ப்பட்டையைப் பார்க்கிறான். அது பல்லாஸுடையது. பல்லாஸின் தகப்பன் எவாண்டர் மகன் சாவுக்குப் பிறகு சொல்லி அனுப்பியிருந்தான்: டர்னஸின் உயிரை உன் வலது கை மகனுக்கும் தகப்பனுக்கும் கடன்பட்டிருக்கிறது. அங்கே வெர்ஜில் போட்ட வினைச்சொல்லே கடன்படுவதைக் குறிக்கும் சொல்தான். ஒரு தகப்பன் பெயரால் விட வேண்டும், இன்னொரு தகப்பன் பெயரால் கொல்ல வேண்டும்.

செர்வியுஸ் சொல்கிறார்: விட்டுவிட நினைத்ததால் அவன் பியுஸ், எவாண்டருக்காகப் பழி தீர்த்துக் கொன்றதாலும் பியுஸ், இரண்டும் அவனுக்குப் பெருமையே. ரோமானியக் கணக்குப்படி இது சரி. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கிறிஸ்தவர் லாக்டாண்டியஸ் இதை ஏற்கவேயில்லை. கெஞ்சியவர்களைக் கொன்றவன், பிடிபட்ட இளைஞர்களைப் பலியிட்டவன், இவனா பியுஸ் என்று கேட்கிறார். அவர் காதில் அந்தச் சொல்லோடு இரக்கமும் சேர்ந்து ஒலிக்கிறது. ஆகவே அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு. 1428-இல் மஃபேயோ வேஜியோ என்ற இத்தாலியக் கவிஞர், முடிவு இப்படி நிற்பது பொறுக்காமல், ஈனியாஸ் திருமணம் செய்து கடைசியில் விண்ணேறும்படி பதின்மூன்றாம் காண்டம் ஒன்றை லத்தீனில் எழுதிச் சேர்த்தார். நெடுங்காலம் அதையும் ஈனியட்டோடு சேர்த்தே அச்சடித்தார்கள். 1960-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், வெர்ஜில் வெற்றியைப் பாடும் குரலில் தோற்றவர்களுக்காக அழவும் செய்கிறார் என்று எழுதியதிலிருந்து சண்டை புதுசாகத் தொடங்கியது. இன்னும் ஓயவில்லை.

நான் செர்வியுஸ் பக்கம் பாதி தூரம்தான் போவேன். ஈனியாஸ் கட்டுவது உண்மையான கடன்தான். ஆனால் அதைச் சொல்லும் இடத்தில் வெர்ஜில் என்னென்ன சொற்களைப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். வாளை மார்பில் 'கொந்தித்' என்கிறார், புதைத்தான் என்று. முதல் காண்டத்தின் ஐந்தாம் வரியில் நகரத்தை நிறுவுவதற்கும் இதே வினைதான், 'கொந்தெரே'. உள்ளே வைப்பது, புதைப்பது, அடிக்கல் இட்டு நிறுவுவது எல்லாம் லத்தீனில் அந்த ஒரே சொல்லில் அடங்கும். ரோம் நிறுவப்பட்டதும் இந்த வாள் புதைக்கப்பட்டதும் ஒரே வினையில் முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. வாள் இறங்குவதற்கு முன்னால் ஈனியாஸ் ஃபுரியாக்களால் பற்றி எரிகிறான், கோபத்தில் பயங்கரமாக நிற்கிறான். ஃபுரியா என்பது பழிவாங்கும் பாதாளத் தேவதைகளின் பெயர். கொல்லும் வரியிலும் அவனுக்கு ஒரு அடைமொழி உண்டு. இத்தனை ஆயிரம் வரிகளில் அவனோடு வந்த பியுஸ் இந்தக் காட்சியில் எங்கேயும் இல்லை. அதன் இடத்தில் இருப்பது 'ஃபெர்விதுஸ்', கொதித்துக்கொண்டிருப்பவன்.